மாத்திரை முடிஞ்சு ஆறாவது வாரம் மறுபடி அதே வாடை. நான் சுத்தமா இல்லையா?

மழைத்துளி_ஈரோடு | ஞாயிறு இரவு 11:20

மூணு நாளா எழுதி எழுதி அழிச்சுட்டு இருந்தேன். இங்க யாருக்கும் என் பேர் தெரியாதுங்கற தைரியத்துல போடறேன்.

வயசு 31. கல்யாணமாகி ரெண்டு வருஷம். போன ஆடியில இருந்து வெள்ளைப்படுது. கெட்டியா இல்ல, கஞ்சித் தண்ணி மாதிரி. அரிப்பு கிடையாது. பிரச்சனையே வாடைதான், கருவாடு மாதிரி. ஆபீஸ் வேன்ல கடைசி சீட்டுக்குப் போய்ட்டேன். பக்கத்துல யாராச்சும் உக்காந்தா கைப்பையை மடி மேல வெச்சுக்கறேன்.

மூணு தடவை மாத்திரை சாப்பிட்டாச்சு. ஏழு நாள் கோர்ஸ் முடிச்சா சுத்தமா போயிடுது. அஞ்சு ஆறு வாரத்துல திரும்ப வருது. இப்ப நாலாவது முறை. மாமியார் உடம்புச் சூடுங்கறாங்க. எங்கம்மா பயத்துல "எலும்பு உருகிப் போகுதோ"ன்னு கேக்கறாங்க. பி.ஹெச் பேலன்ஸ்னு எழுதின வாஷ் ஒண்ணு வாங்கி ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவறேன், உள்ள வரைக்கும். இன்னும் எப்படிங்க சுத்தமா இருக்கறது?

கீதா_மதுரை | ஞாயிறு இரவு 11:41

வெந்தயம் ஊறப்போட்டுக் காலைல வெறும் வயித்துல குடி. வாரம் ஒருக்க எண்ணெய் தேச்சுக் குளி. எங்கம்மா வேப்பிலைத் தண்ணியில கழுவச் சொல்லுவாங்க. இளநி நல்லது. எலும்பெல்லாம் உருகாது, பயப்படாதம்மா.

பட்டுப்பூச்சி | திங்கள் காலை 6:05

தயிர் தடவிப் பாருங்க. யூடியூப்ல சொன்னாங்க.

கோமதி_சிஸ்டர் | திங்கள் காலை 7:30

தயிரும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம். மழைத்துளி, மொதல்ல அந்த பாட்டிலை எடுத்து ஓரமா வை கண்ணு.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல 19 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். வெள்ளைப்படுதுன்னு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வாயைத் திறந்ததும் சொல்றது, "சிஸ்டர், நான் ரொம்ப சுத்தமா இருப்பேன்". சுத்தத்தைப் பத்தி நான் கேட்டிருக்கவே மாட்டேன். வெளிப்பக்கம் வெறும் தண்ணி போதும். உள்ளே கழுவவே கூடாது. பி.ஹெச்ங்கறது புளிப்பு, காரம் அளக்கற கணக்கு, எண் குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி. குளிக்கிற சோப்பு காரம், பி.ஹெச் 9, 10 வரும். அந்த இடம் புளிப்பு, 4 கிட்ட இருக்கணும். நீ உள்ள கழுவற ஒவ்வொரு தடவையும் அங்க காவலுக்கு இருக்கிற நல்ல கிருமியையும் சேத்துக் கழுவி விடுற. "பி.ஹெச் பேலன்ஸ்"னு லேபிள்ல போட்டிருந்தாலும் உள்ளே போனா அதே கதைதான்.

இப்ப ஒரு கேள்விக்கு பதில் சொல்லு. மூணு தடவை மாத்திரை எழுதினவங்கள்ல யாராவது உன்னைப் படுக்க வெச்சுப் பரிசோதிச்சாங்களா? பஞ்சுக் குச்சியில எடுத்துப் பாத்தாங்களா?

மழைத்துளி_ஈரோடு | திங்கள் காலை 9:12

இல்ல சிஸ்டர். மூணு பேருமே கேட்டு எழுதினதுதான். ஒருத்தர் "கல்யாணமான புதுசுல இதெல்லாம் சகஜம்"னு சிரிச்சார்.

கோமதி_சிஸ்டர் | திங்கள் மதியம் 1:15

நெனச்சேன். எல்லார் மேலயும் பழி போடல. எங்ககிட்டயே பச்சைக் கிட்னு ஒண்ணு இருக்கு. செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், ரெண்டும் ஒரே தடவையில முழுங்கறது. வெள்ளைப்படுதுன்னு வர்ற பொண்ணுக்கு லேப் இல்லாத ஊர்ல, பாக்டீரியாவுக்கு ஒண்ணு பூஞ்சைக்கு ஒண்ணுன்னு ரெண்டையும் அடிச்சு விடுற ஏற்பாடு. மொத தடவைக்கு அது நியாயம். நாலாவது தடவையும் பாக்காம கொடுத்தா அது வைத்தியம் இல்ல, குருட்டாம்போக்கு.

வெள்ளைப்படுதல்னு ஒரே பேர்ல சொல்றோமே தவிர உள்ள இருக்கிறது வேற வேற. அரிப்பு பிடுங்கித் தின்னும், தயிர்க்கட்டி மாதிரி திட்டுத் திட்டா வரும், வாடை பெருசா இருக்காதுன்னா அது பூஞ்சை, கேண்டிடா. நுரையா மஞ்சளும் பச்சையுமா வந்து எரிச்சலும் இருந்தா ட்ரைக்கோமோனாஸ், அதுக்கு வீட்டுக்காரரும் சேந்து மாத்திரை சாப்பிட்டே ஆகணும். தண்ணியா, சாம்பல் வெள்ளையா, அரிப்பில்லாம, கருவாட்டு வாடைன்னா பாக்டீரியல் வஜைனோசிஸ், சுருக்கமா பி.வி. நீ சொல்றது இது மாதிரிதான் தெரியுது. ஆனா ஃபோன்ல பாத்து நான் முடிவு சொல்லக்கூடாது. லேசான புளிச்ச வாசனையோட கொஞ்சம் வெள்ளைப்பட்டா அது நோயே இல்ல, அதையும் எல்லாரும் தெரிஞ்சுக்கங்க.

மாசமா இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா நீங்களா எதையும் வாங்கிப் போடாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

நுண்ணோக்கி | திங்கள் இரவு 8:48

சிஸ்டர் சொன்ன "காவலுக்கு இருக்கிற நல்ல கிருமி" என் ஏரியா. மைக்ரோபயாலஜி லேப்ல வேலை, ஸ்லைடு பாத்தே கண்ணு போச்சு.

இட்லி மாவை நெனச்சுக்குங்க. ராத்திரி கரைச்சு வெச்சா காலைல பொங்கிப் புளிச்சிருக்கு. வேலை பாத்தது லாக்டிக் அமிலம் சுரக்கிற பாக்டீரியா. அந்தப் புளிப்புல மத்த கிருமி சுலபமா தலை தூக்க முடியாது. யோனிக்குள்ளயும் அதே கூட்டத்தோட பங்காளிகள்தான் இருக்காங்க. (யோனின்னே எழுதறேன். "அந்த இடம்"னு எழுதினா லேப்ல எந்த இடம்னு கேப்பாங்க.) 1892லேயே ஆல்பர்ட் டோடர்லைன்ங்கற ஜெர்மன் மகப்பேறு டாக்டர் இந்தக் குச்சிக் கிருமியைப் பத்தி எழுதிட்டார். இப்ப நாம லாக்டோபேசில்லஸ்ங்கறோம்.

சரி, மாவுக்கு அரிசி உளுந்து இருக்கு. இங்க அதுக்கு யார் சோறு போடறது? ஈஸ்ட்ரோஜன். அந்த ஹார்மோன் நல்லா சுரக்கிறப்ப யோனியோட உள்சுவர் தடிச்சு, செல்லுக்குள்ள கிளைகோஜன்ங்கற மாவுச்சத்து சேரும். செல் உதிரும், நம்ம உடம்போட அமைலேஸ்ங்கற நொதி அந்த மாவுச்சத்தை உடைச்சுக் கொடுக்கும், லாக்டோபேசில்லஸ் அதைத் தின்னு லாக்டிக் அமிலமா மாத்தும். பி.ஹெச் 3.8க்கும் 4.5க்கும் நடுவுல நிக்கும். 4க்கும் 5க்கும் ஒரு புள்ளிதானேன்னு நெனைக்காதீங்க, புளிப்புல பத்து மடங்கு வித்தியாசம்.

ஈஸ்ட்ரோஜன் குறையற எல்லாக் காலத்துலயும் இந்தச் சோறு குறையும். வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி, பிரசவம் முடிஞ்சு பால் கொடுக்கிறப்ப, தீட்டு நின்னப்புறம். மாசமா இருக்கிறப்ப நேர்மாறு, கூட்டம் நல்லா நிலைச்சு நிக்கும்.

ஒரு ஆச்சரியம் சொல்றேன். இப்படி லாக்டோபேசில்லஸ் ஆட்சி நடக்கிறது கிட்டத்தட்ட மனுஷப் பொண்ணுங்ககிட்ட மட்டும்தான். நம்மகிட்ட சாதாரணமா 70 சதவீதத்துக்கு மேல இருக்கும். மத்த பாலூட்டிகள்ல ஒரு சதவீதத்தைத் தாண்டறதே அபூர்வம். ஏன்னு யோசிச்சு யோசிச்சுப் பல கட்டுரை எழுதிட்டாங்க, சண்டை முடியல.

பட்டுப்பூச்சி | திங்கள் இரவு 9:10

அப்ப தயிர்லயும் லாக்டோபேசில்லஸ்தானே இருக்கு? நான் சொன்னதுல என்ன தப்பு?

நுண்ணோக்கி | திங்கள் இரவு 9:33

கேக்க வேண்டிய கேள்விதான். குடும்பப் பேர் ஒண்ணு, ஆள் வேற. தயிருக்கு உறை ஊத்தற கிருமி பால்ல வாழப் பழகினது. யோனிச் சுவத்துல ஒட்டிக் குடித்தனம் பண்ண அதுக்குத் தெரியாது. அங்க முக்கியமா நாலு இனம்: கிறிஸ்பேட்டஸ், காசெரி, ஜென்செனி, ஐனர்ஸ். கிறிஸ்பேட்டஸ் இருந்தா வீடு கெட்டியா நிக்கும். ஐனர்ஸ் ரெண்டு பக்கமும் பேசற ஆள். நல்ல காலத்துலயும் இருக்கும், கெட்ட கூட்டம் வந்தா அதோடயும் ஒத்துப்போகும். லாக்டிக் அமிலத்துல இடம் வலம்னு ரெண்டு வடிவம் உண்டு. மத்தது ரெண்டையும் செய்யும் இல்லேன்னா வலது வடிவத்தைச் செய்யும், ஐனர்ஸ் இடது வடிவத்தை மட்டும்தான் செய்யும்.

கிறிஸ்பேட்டஸையே பொடியாக்கி உள்ளே வெச்சுப் பாத்திருக்காங்க. அமெரிக்காவுல 228 பெண்கள், 2020ல வெளியான ஆய்வு. பி.விக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல்ங்கற ஆன்டிபயாடிக் முடிஞ்சதும் இதை வெச்சாங்க. 12 வாரத்துல 30 சதவீதம் பேருக்கு பி.வி திரும்பி வந்துச்சு, சும்மா பொடி வெச்சவங்களுக்கு 45. பலன் இருக்கு, மாயாஜாலம் இல்ல. மருந்துக் கடையில "புரோபயோடிக்"னு விக்கிற கேப்ஸ்யூல்ல பெரும்பாலும் இந்த இனமே கிடையாது. தயிரைச் சாதத்துல போட்டுச் சாப்பிடுங்க, ரொம்ப நல்லது.

கீதா_மதுரை | திங்கள் இரவு 9:40

சாதத்துலன்னதும் நிம்மதியாச்சு 😂

மழைத்துளி_ஈரோடு | செவ்வாய் இரவு 10:55

ஒண்ணு கேக்கணும், சங்கடமா இருக்கு. அவர் கூட இருந்த மறுநாள் வாடை ஜாஸ்தியா இருக்கு. தீட்டு முடியறப்பவும் அப்படித்தான். இதனாலதான் எனக்கு "நம்மகிட்டதான் ஏதோ அழுக்கு"ன்னு தோணிச்சு. இப்பல்லாம் ஏதாவது காரணம் சொல்லி அவரைத் தள்ளி வெக்கிறேன். அவருக்குக் காரணம் தெரியாது.

நுண்ணோக்கி | செவ்வாய் இரவு 11:26

நீங்க வீட்டுல கவனிச்சதை நாங்க லேப்ல தினமும் செய்யறோம்.

சாம்பிளை ஸ்லைடுல வெச்சு 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவோம். அது காரம். பி.வி இருந்தா விட்ட உடனே குப்புன்னு மீன் வாடை எழும்பும். முதல் தடவை எங்க சார் என்னை மோந்து பாக்கச் சொன்னப்ப நான் ஸ்டூலைத் தள்ளிட்டு எந்திரிச்சேன். அந்த வாடைக்கு டிரைமெத்திலமீன்னு பேர், மீன் கெட்டா வர்ற வாடைக்கும் அதேதான் காரணம். புளிப்புல கரைஞ்சு அடங்கிக் கிடக்கும், காரம் பட்டா ஆவியாகும். விந்து காரம், பி.ஹெச் 7.2க்கு மேல. ரத்தம் 7.4. உங்க வீட்டுக்காரரோட இருந்தப்புறமும் தீட்டு நேரத்துலயும் உங்களுக்குள்ள நடக்கிறது எங்க ஸ்லைடு மேல நடக்கிற அதே கெமிஸ்ட்ரி. அழுக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

அதே சாம்பிளை உப்புத் தண்ணியில கலந்து மைக்ராஸ்கோப்ல பாத்தா இன்னொண்ணு தெரியும். சாதாரண செல்லோட ஓரம் கத்தியில வெட்டின மாதிரி தெளிவா இருக்கும். பி.வியில செல் மேல பூரா கிருமி அப்பி, ஓரமே கலங்கி, எள்ளடையில எள்ளு ஒட்டின மாதிரி இருக்கும். க்ளூ செல்னு பேர். தண்ணியா சீரான கசிவு, 4.5க்கு மேல பி.ஹெச், அந்த மீன் வாடை, க்ளூ செல்: நாலுல மூணு இருந்தா பி.வின்னு 1983ல வகுத்த அளவுகோல்தான் இன்னிக்கும். பி.ஹெச் பேப்பர், ரெண்டு சொட்டு மருந்து, ஒரு மைக்ராஸ்கோப், அஞ்சு நிமிஷம். இதுக்கு மேல பெரிய செலவே கிடையாது, அதனாலதான் யாரும் பாக்காம எழுதிக் கொடுத்தாங்கன்னு கேட்டா எரிச்சல் வருது.

ஏன் திரும்பத் திரும்ப வருதுங்கறதுக்கும் பதில் அந்த எள்ளடையிலதான் இருக்கு. கார்ட்னரெல்லாங்கற கிருமி குளத்துப் படிக்கட்டுப் பாசி மாதிரி செல் மேல படலம் கட்டும். மெட்ரோனிடசோல் மேலாப்புல இருக்கிறதைக் கொல்லும், பாசியை முழுசா உரிக்காது. மருந்து நின்னதும் அடியில இருந்தது துளிர்க்கும். ஒரு வருஷத்துக்குள்ள பாதிப் பேருக்கு மேல திரும்பி வருதுங்கறது ஆஸ்திரேலியாவுல கண்காணிச்சு எழுதினது. நீங்க தனி ஆள் இல்ல.

யாழ்நிலா | புதன் அதிகாலை 2:14

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கொப்பர் லூப் வைச்சனான். அதுக்குப் பிறகுதான் எனக்கும் உந்த மணம் தொடங்கினது. தீட்டும் எட்டு நாள் போகும். லூப்பாலதான் எண்டு நான் சொன்னால் ஒருத்தரும் நம்பேல்லை. உண்மையில தொடர்பு இருக்கோ?

கோமதி_சிஸ்டர் | புதன் காலை 7:05

இருக்கும்மா. இங்க காப்பர்-டின்னு சொல்றது. ஜிம்பாப்வேயில பல கருத்தடை முறைகளை ஒண்ணா வெச்சுப் பாத்தாங்க. காப்பர் வெச்சவங்ககிட்ட ஆரம்பத்துல 27 சதவீதம் பேருக்கு பி.வி இருந்துச்சு, ஆறு மாசத்துல 49. ஹார்மோன் முறைகள்ல அந்த ஏத்தம் இல்ல. தீட்டு அதிகமா, நாள் கணக்கா போறதும் ஒரு காரணமா இருக்கலாம், ரத்தம் புளிப்பை முறிக்குமே.

ஆனா இதைப் படிச்சுட்டு நாளைக்கே போய் எடுத்துப்போடாதீங்க. காப்பர்-டி வெச்ச எத்தனையோ பேர் ஒரு தொந்தரவும் இல்லாம பத்து வருஷம் இருக்காங்க. திரும்பத் திரும்ப வந்தா உங்க டாக்டர்கிட்ட வேற முறை கேளுங்க.

யாழ்நிலா | புதன் மாலை 5:50

நன்றி அக்கா. எனக்கு விசர் எண்டு நினைக்கேல்லை எண்டதே பெரிய ஆறுதல்.

செல்லம்மா_நெல்லை | புதன் இரவு 8:20

நீங்கள்லாம் சின்னப் புள்ளைக பேசுறிய, நடுவுல கெழவி வாரேன். எனக்கு 58. தீட்டு நின்னு எட்டு வருசம் ஆச்சு. இந்த ஒரு வருசத்துல நாலு தடவ நீர்க்கடுப்பு. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக். போதாக்குறைக்கு இப்ப அரிப்பு வேற. உள்ள காஞ்சு போன மாதிரி எரியுது. சுகர் உண்டு, மூணு மாசம் முன்னால புது மாத்திர மாத்தினாவ. இது வயசுக் கோளாறா, மருந்துக் கோளாறா?

கோமதி_சிஸ்டர் | புதன் இரவு 9:45

ரெண்டும் கலந்திருக்கலாம் அம்மா.

புது மாத்திரை பேரைப் பாருங்க. முடிவுல "ளிஃப்ளோசின்"னு வருதா? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி. அது ரத்தத்துச் சர்க்கரையை மூத்திரம் வழியா வெளிய தள்ளுற மருந்து. இருதயத்துக்கும் கிட்னிக்கும் ரொம்ப நல்லது, நீங்களா நிறுத்தாதீங்க. ஆனா சர்க்கரைத் தண்ணி அந்தப் பக்கமா போகுதுன்னா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அரிப்புக்கு அது காரணமா இருக்கலாம். ஆன்டிபயாடிக்கும் நல்ல கிருமியைக் கொன்னு பூஞ்சைக்கு வழி விடும். உங்களுக்கு ரெண்டும் நடந்திருக்கு.

நீர்க்கடுப்பும் உள் வறட்சியும் தீட்டு நின்னதோட கதை. மேல நுண்ணோக்கி சொன்ன சோறு நின்னு போச்சு. ஈஸ்ட்ரோஜன் இல்ல, கிளைகோஜன் இல்ல, காவல் இல்ல. மலப்பாதையில இருக்கிற ஈ.கோலைங்கற கிருமி தாராளமா முன்னாடி வந்து மூத்திரப் பாதையில ஏறும். 1993ல இதுக்கு ஒரு அருமையான ஆய்வு வந்துச்சு. திரும்பத் திரும்ப நீர்த்தொற்று வந்த, தீட்டு நின்ன 93 பேர். ஒரு பாதிக்கு எஸ்ட்ரியால்ங்கற ஈஸ்ட்ரோஜன் வகை க்ரீம் உள்ளே தடவக் கொடுத்தாங்க, மறு பாதிக்கு வெறும் க்ரீம். ஒரு மாசத்துல க்ரீம் போட்டவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு லாக்டோபேசில்லஸ் திரும்ப வந்துச்சு. வெறும் க்ரீம்காரங்கள்ல ஒருத்தருக்குக்கூட வரல. பி.ஹெச் 5.5ல இருந்து 3.8க்கு இறங்கிச்சு. நீர்த்தொற்று ஆளுக்கு வருஷத்துக்கு வெறும் க்ரீம்காரங்களுக்கு 5.9 தடவை வந்துச்சு, எஸ்ட்ரியால் போட்டவங்களுக்கு 0.5தான்.

முப்பது வருஷம் ஆகியும் நம்ம ஊர்ல அம்மாக்களுக்கு ஆன்டிபயாடிக்தான் எழுதறாங்க. அம்பத்தெட்டு வயசுல ஒருத்தர்கிட்ட "உள்ள வறட்சி இருக்கா"ன்னு கேக்க நமக்கே கூச்சம். மகளிர் டாக்டரைப் பாத்து இந்த க்ரீம் எனக்கு ஒத்துவருமான்னு நேரா கேளுங்க. மார்புப் புற்றுநோய் வந்திருந்தா அதை முதல்ல சொல்லுங்க.

செல்லம்மா_நெல்லை | புதன் இரவு 10:02

ஏ தாயி, முடிவுல ளிஃப்ளோசின்தான் போட்டிருக்கு! கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு வந்தேன்.

கணக்குப்பிள்ளை_சென்னை | வியாழன் மதியம் 12:30

நான் ஒரு கம்பெனியில யோனி மைக்ரோபயோம் டெஸ்ட் எடுத்தேன், உள்ள என்னென்ன கிருமி இருக்குன்னு பாக்கறது. நல்ல காசு. எனக்குத் தொந்தரவு எதுவும் இல்ல, ஆர்வத்துல எடுத்தேன். ரிப்போர்ட்ல "நான்காம் வகை, சமநிலை குலைவு"ன்னு சிவப்பு எழுத்துல வந்திருக்கு. கூடவே அவங்க கேப்ஸ்யூலையும் வாங்கச் சொல்லி லிங்க். ரெண்டு நாளா தூக்கம் இல்ல.

நுண்ணோக்கி | வியாழன் இரவு 8:15

தூங்குங்க. தொந்தரவு இல்லாதவங்களுக்கு இந்த ரிப்போர்ட் பயத்தை விக்கற வேலை.

அந்த அஞ்சு வகைப் பிரிவு 2011ல அமெரிக்காவுல 396 பெண்களை வெச்சுப் போட்டது. முதல் மூணும் அஞ்சாவதும் ஒவ்வொரு லாக்டோபேசில்லஸ் இனத்தோட ஆட்சி, நாலாவது பலவகைக் கிருமிகளோட கூட்டணி ஆட்சி. அந்த 396 பேருமே தொந்தரவு இல்லாதவங்கங்கறதுதான் இதுல விசேஷம். வெள்ளைக்காரப் பெண்கள்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர்கிட்ட லாக்டோபேசில்லஸ் ஆட்சி, ஆசிய வம்சாவளியில 80, கறுப்பினப் பெண்கள்கிட்டயும் ஹிஸ்பானிக் பெண்கள்கிட்டயும் சுமார் 60. அப்ப அவங்கள்ல நல்லா நடமாடற மீதி நாப்பது சதவீதம் பேரை நோயாளின்னு சொல்லுவீங்களா? அடுத்த வருஷமே வந்த இன்னொரு ஆய்வுல 32 பெண்கள்கிட்ட வாரம் ரெண்டு தடவை, 16 வாரம் சாம்பிள் எடுத்தாங்க. சிலர்கிட்ட ஆட்சி சில நாள்லயே கவிழுது, திரும்ப வருது, அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. உங்க ரிப்போர்ட் ஒரு நாள் எடுத்த ஒரு ஃபோட்டோ. தீட்டுக்கு அடுத்த நாள் எடுத்தீங்களா?

கணக்குப்பிள்ளை_சென்னை | வியாழன் இரவு 8:31

ஆமா. தீட்டு முடிஞ்ச மறுநாள். 🤦🏽‍♀️

சும்மா_ஒருத்தன் | வெள்ளி காலை 10:10

வாடைதானே, இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? கொஞ்ச நாள்ல தானா போயிடும். ஆம்பளைங்க நாங்க இதையெல்லாம் இப்படிப் பேசறதில்ல.

கீதா_மதுரை | வெள்ளி காலை 10:14

வாங்க சார், உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம்.

நுண்ணோக்கி | வெள்ளி இரவு 9:00

வாடையோட நிக்கறதில்ல சார். பி.வி இருக்கிறவங்களுக்குக் குறைமாசப் பிரசவ வாய்ப்பும் பால்வினைத் தொற்று ஒட்டற வாய்ப்பும் கூடுது. தென்னாப்பிரிக்காவுல எச்.ஐ.வியைத் தடுக்க டெனோஃபோவிர் ஜெல்லைப் பெண்களுக்குக் கொடுத்துப் பாத்தாங்க. பிற்பாடு, 2017ல, அதே பெண்களோட கிருமிக் கணக்கையும் சேத்துப் பாத்தப்ப, லாக்டோபேசில்லஸ் ஆட்சி இருந்தவங்களுக்குத் தொற்று 61 சதவீதம் குறைஞ்சிருக்கு, இல்லாதவங்களுக்கு 18தான். காரணம், கார்ட்னரெல்லா அந்த மருந்தையே தின்னுடுது.

"ஆம்பளைங்க நாங்க"ன்னு சொன்னீங்களே, அதுக்கும் வரேன். உகாண்டாவோட ராக்காய் பகுதியில ஆண்களுக்கு சுன்னத் பண்ணிப் பாத்த பெரிய ஆய்வு ஒண்ணு. 2009ல அவங்க மனைவிமார் கணக்கைப் பாத்தா, பி.வி 40 சதவீதம் குறைவு. ஆணோட முன்தோலுக்கு அடியிலயும் இந்தக் கிருமிகள் குடியிருக்கு. பொண்ணு மாத்திரை போட்டுச் சுத்தமாவா, அங்கேருந்து திரும்ப வரலாம்.

2025 மார்ச்சுல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்ததுதான் முக்கியமானது. ஒரே துணையோட வாழற 164 ஜோடிகள். பாதி ஜோடியில பொண்ணுக்கு மட்டும் மருந்து. மறு பாதியில ஆணுக்கும் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் தினம் ரெண்டு வேளை, கூடவே 2 சதவீத கிளிண்டாமைசின் க்ரீம் ரெண்டு வேளை ஆணுறுப்பு மேல, ஏழு நாள். 12 வாரத்துல, பொண்ணு மட்டும் சாப்பிட்ட பக்கம் 63 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்துச்சு, ரெண்டு பேரும் எடுத்த பக்கம் 35. வித்தியாசம் அவ்வளவு பெருசா இருந்ததால ஆய்வை நடுவுலயே நிறுத்திட்டாங்க. முன்னாடி நடந்த ஆய்வுகள்ல ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பெரிய பலன் இல்ல. க்ரீம் சேந்ததுதான் புதுசு.

வாசல்கோலம் | வெள்ளி இரவு 9:38

படிக்க நல்லா இருக்கு. வீட்டுல எப்படிச் சொல்றது? "உனக்கு வந்த நோய்க்கு நான் ஏன் மருந்து போடணும்"னு முதல் கேள்வி வரும். ரெண்டாவது கேள்வி, "யார்கிட்ட வாங்கிட்டு வந்த". என் நாத்தனார் வீட்டுல இதனாலயே ஆறு மாசம் பேச்சு வார்த்தை இல்ல.

கோமதி_சிஸ்டர் | சனி காலை 6:50

இதைக் கொட்டை எழுத்துல எழுதி மாட்டணும். பி.வி வந்தா யாரோ தப்பு பண்ணாங்கன்னு அர்த்தம் கிடையாது. ஒருத்தரோட மட்டும் வாழறவங்களுக்கும் வருது. பொண்ணும் பொண்ணும் சேந்து வாழற ஜோடிகள்லயும் ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கும் இருக்கு. ரெண்டு பேர் உடம்பும் கிருமியைப் பகிர்ந்துக்குது, அவ்வளவுதான். கூடவே சிகரெட், உள்ளே கழுவறதுன்னு வேற காரணங்களும் சேரும்.

நான் கிளினிக்ல ஒரு உபாயம் பண்ணுவேன். புருஷனையும் உள்ளே கூப்பிட்டு உக்கார வெச்சு, "ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரே நாள் ஆரம்பிங்க"ன்னு சொல்லிடுவேன். யாருக்கு வந்துச்சுங்கற பேச்சையே எடுக்கறதில்ல. தலையில பேன்னா வீட்டுல எல்லாருக்கும் மருந்து தேய்க்கிறோம், யார்கிட்டருந்து வந்துச்சுன்னு பஞ்சாயத்தா வெக்கிறோம்?

மழைத்துளி_ஈரோடு | 12 நாள் கழிச்சு, வியாழன் இரவு 10:30

வந்துட்டேன். ஒவ்வொண்ணா சொல்றேன்.

வேற டாக்டர், லேடி. உள்ளே போனதும் "என்னைப் பரிசோதிச்சுப் பாருங்க"ன்னு நானே கேட்டேன். அவங்க ஒரு நொடி நிமிந்து பாத்துட்டு "சரி, ஏறிப் படும்மா"ன்னாங்க. மஞ்சள் பட்டையா ஒரு பேப்பர், தொட்டதும் பச்சையா மாறுச்சு. அஞ்சுக்கு மேலன்னாங்க. கீழ் மாடி லேப்ல இருந்த அண்ணன்கிட்ட தயங்கித் தயங்கி நானும் பாக்கலாமான்னு கேட்டேன். கண்ணை வெச்சுப் பாத்தேன் நுண்ணோக்கி, நீங்க சொன்னது நிஜம், எள்ளடையேதான்! ஒரு வருஷமா அழுதது இந்தப் பொட்டுப் பொட்டுக்கான்னு சிரிப்பு வந்துடுச்சு.

வீட்டுக்காரர்கிட்ட பேன் கதையைத்தான் சொன்னேன் சிஸ்டர். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "இதுக்காகவா அஞ்சு மாசமா திரும்பிப் படுத்துக்கற?"ன்னு கேட்டார். அவர் வேற என்னென்னமோ நெனச்சு மனசுக்குள்ள வெச்சிருந்திருக்கார்.

டாக்டர் அவருக்கும் எழுதினாங்க. அவர் போய் வாங்கிட்டு வந்த ட்யூபைப் பாத்தா முகப்பரு ஜெல், கிளிண்டாமைசின் ஒரு சதவீதம். கடையில "முகத்துக்கா தம்பி"ன்னு கேட்டதும் இவர் வெக்கப்பட்டு ஆமான்னு தலையாட்டிட்டார். திரும்பப் போய் 2 சதவீத க்ரீம் மாத்திட்டு வந்தார். ரெண்டு பேரும் ஒரே நாள் ஆரம்பிச்சோம். நாளையோட முடியுது.

கோமதி_சிஸ்டர் | வெள்ளி காலை 6:40

அந்த க்ரீம் போடற நாள்லயும் அதுக்கப்புறம் சில நாளும் ஆணுறையை நம்பாதீங்க, அதுல இருக்கிற எண்ணெய் ரப்பரை இளக வெச்சிடும். மருந்து முடியற வரைக்கும் சேராம இருக்கிறதே நல்லது. 35 சதவீதம்னு படிச்சியே, மூணுல ஒருத்தருக்கு அப்படியும் திரும்பி வந்திருக்கு. வந்தா மனசு விடாதே, அடுத்த கட்ட வைத்தியம் இருக்கு.

சும்மா_ஒருத்தன் | வெள்ளி காலை 11:05

அந்த 2 சதவீத க்ரீம், சீட்டு இல்லாம கொடுப்பாங்களா?

கீதா_மதுரை | வெள்ளி காலை 11:06

😶

கோமதி_சிஸ்டர் | வெள்ளி மதியம் 1:20

சீட்டோட போங்க தம்பி. அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

செல்லம்மா_நெல்லை | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு மாலை 6:15

டாக்டரம்மா க்ரீம் எழுதிக் குடுத்துட்டாவ. சுகர் மாத்திரைய மாத்தல, அரிப்புக்குத் தனியா மருந்து. எரிச்சல் பாதியா கொறஞ்சிருக்கு. மழைத்துளி, ஒன் சேதி என்னாச்சு புள்ள?

மழைத்துளி_ஈரோடு | ஒன்பதாவது வாரம், செவ்வாய் இரவு 9:50

இன்னும் வரலைங்கம்மா. நடுவுல ரெண்டு தடவை தீட்டு வந்துச்சு, முடியறப்ப லேசா வாடை தெரிஞ்சு பதறிட்டேன், ரெண்டு நாள்ல தானா போயிடுச்சு. பன்னண்டு வாரம் தாண்டினா சொல்றேன். வேன்ல மூணாவது சீட்டுக்கு வந்தாச்சு.

அந்த வாஷ் பாட்டில் முக்கால் பாகம் அப்படியே இருந்துச்சு. தூக்கிப் போட மனசில்லாம மாமியார் அதுல வெள்ளிக் கொலுசை ஊறப்போட்டுத் தேய்க்கறாங்க. நல்லாத்தான் பளபளக்குது.